பெயர் கேட்காமல் எண்ணியவர்

ஒரு கூட்டத்தைக் காட்டினால் அதில் இல்லாதவர்களைத்தான் அவர் முதலில் தேடுவார். தண்ணீரூற்று ஊரில் என் தங்கையின் மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்திய வீடு. பந்தல் நிறையச் சனம். எல்லோரும் பிள்ளையின் சேலையைப் பற்றியும் நகையைப் பற்றியும் கதைத்துக்கொண்டிருந்தார்கள். இவர் சாப்பாட்டுக் கோப்பையைக் கையில் ஏந்தியபடி என் தங்கையிடம் கேட்டார்:

"பக்கத்து வீட்டாக்கள் ஏன் வரேல்லை? முற்றத்தில ஆக்கள் நிக்கினம். உடுப்புக் காயுது. இஞ்சை ஒருத்தரையும் காணேல்லை."

தங்கைக்கு முகம் கறுத்துவிட்டது. அந்த வீட்டோடு வேலிச் சண்டை. ஊருக்கே தெரியும். தெரியாதது போல ஊர் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. "மிஸ், பாயாசம் எடுங்கோ" என்று சொல்லி அவரை அப்பால் கூட்டிக்கொண்டு போனேன். போகிற வழியிலும் திரும்பி அந்த வீட்டைத்தான் பார்த்தார்.

அவரை எல்லோரும் மிஸ் என்றுதான் கூப்பிட்டோம். வவுனியாவுக்கு வெளியே ஒரு படை மருத்துவமனையில் நாங்கள் இரண்டு பேரும் வேலை பார்த்தோம். சீருடை போடாத தமிழர்கள் என்று அங்கே எங்களைத்தான் சொல்லலாம். நான் செயற்கைக்கால் பட்டறையில் இருந்தேன். என்னைப் பழக்கியது வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்று. அவர்கள் மூட்டை கட்டியபோது இயந்திரங்களை அந்த மருத்துவமனைக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இயந்திரங்களோடு நானும் போனேன். "ஆமிக்கு வேலை செய்யிறான்" என்று முள்ளியவளையில் என் காதுபடவே சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களில் ஒருவர் மாமனாருக்குக் கால் செய்துதரச் சொல்லி அடுத்த மாதம் என்னிடமே வந்தார். செய்து கொடுத்தேன்.

மிஸ் பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரம் படித்தவர். திட்டமிடல் பிரிவில் ஒப்பந்த வேலை. எந்தப் படை முகாமுக்கு எந்த மருந்து எவ்வளவு வேண்டும், மாரிக்காலத்தில் எத்தனை கட்டில் ஒதுக்க வேண்டும், அம்புலன்ஸை எங்கே நிறுத்த வேண்டும் என்பதையெல்லாம் பழைய தரவுகளைக் கணினியில் போட்டுக் கணித்துச் சொல்ல வேண்டும். ஒல்லியான உடம்பு, முகத்துக்குப் பெரிதான கண்ணாடி. ஸ்கூட்டரில் வருவார். தலைக்கவசத்தைக் கழற்ற மறந்து அரைமணி நேரம் கணினிக்கு முன்னால் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணீர் குடிப்பார். திரையில் பெரிய இலக்கங்கள் வந்தால் அவருக்கு அக்கறையில்லை. வெறும் கட்டம் ஒன்று கண்ணில் பட்டால் அதில் விரலை வைத்துக்கொண்டு இருப்பார்.

"இது பூச்சியமோ, எழுதாம விட்டதோ?" என்று கேட்பார்.

"இரண்டும் ஒண்டுதானே மிஸ்."

"ஒண்டில்லை அண்ணை. பூச்சியமெண்டா ஆரோ பாத்து, ஒண்டுமில்லையெண்டு எழுதினது. எழுதாம விட்டதெண்டா ஒருத்தரும் பாக்கேல்லை."

புடையன் பாம்புக் கடிக்கு மருந்து பங்கிடும் வேலை வந்தபோது இதன் அர்த்தம் எனக்குக் கொஞ்சம் விளங்கியது. மழைக்கு முன் எந்த முகாமுக்கு எத்தனை பெட்டி என்று கணினி ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தது. முந்திய வருடங்களில் எவ்வளவு பாவித்தார்களோ அதை வைத்துப் போட்ட கணக்கு. முல்லைத்தீவுப் பக்கம் காட்டுக்குள் இருக்கும் ஒரு முகாமுக்குப் பூச்சியம். எல்லோரும் கையெழுத்து வைத்துவிட்டார்கள். மிஸ் மட்டும் வைக்கவில்லை. காட்டுக்குள் இருக்கிற முகாமில் பாம்பு கடிக்காதா என்று கேட்டார். அங்கே பாம்பு குறைவாக்கும் என்று யாரோ பகிடி விட்டார்கள். இவர் அந்த முகாமின் மருத்துவ உதவியாளருக்குத் தொலைபேசி எடுத்தார். கதை இதுதான்: முதல் மழையோடேயே அங்கிருந்த மருந்து முடிந்துவிட்டது. பிறகு கடிபட்டவர்களை எல்லாம் நேரே பொது ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். அங்கே கொடுத்த மருந்து இந்தக் கணக்கில் வராது.

"இல்லாத மருந்தை எப்பிடிப் பாவிக்கிறது?" என்று மிஸ் எல்லோரையும் பார்த்துக் கேட்டார். பெட்டிகள் போயின. அந்த மாரியிலேயே அங்கே ஒரு பொடியனைப் புடையன் கடித்தது. பிழைத்துக்கொண்டான். நாங்கள் எல்லோரும் மிஸ்ஸைப் பாராட்டினோம். கணினி பூச்சியம் போட்ட மற்ற முகாம்களுக்கு அவர் தொலைபேசி எடுத்துக்கொண்டிருந்தார்.

இப்படி வராதவர்களையும் இல்லாதவற்றையும் தேடுகிற ஒருவரைப் பற்றி, போர் முடிந்த வன்னியில் ஆட்கள் என்ன நினைப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. வீட்டில் யாரையோ தொலைத்தவர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது மெதுவாகக் கேட்டேன்.

"எங்கட வீட்டில எல்லாரும் உயிரோட வந்திட்டம்" என்றார். "அம்மா, அப்பா, தம்பி, நான். ஒரு கீறல் இல்லை. எங்களோட ஒண்டா வெளிக்கிட்ட அயலட்டை ஆக்கள்தான் வரேல்லை. அகதி முகாமில பதியேக்கை எத்தினை பேர் எண்டு கேட்டவை. அப்பா நாலு எண்டார். நாலெண்டு எழுதிப்போட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டவை. எத்தினை பேராய் வெளிக்கிட்டனீங்கள் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை அண்ணை. அப்பாவும் சொல்லேல்லை."

அதற்குப் பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். 

என் பட்டறைக்கு ஆபத்து வந்தது அவருடைய கணினி வழியாகத்தான். மேலிடத்தில் புதிய திட்டம் ஒன்று போட்டிருந்தார்கள். ஆட்கள் குறைவாக வருகிற பிரிவுகளை மூடி, கருவிகளைத் தெற்கில் உள்ள பெரிய மருத்துவமனைக்கு எடுத்துப்போவது. ஒவ்வொரு பிரிவுக்கும் வருகையை வரைபடமாகப் போட்டு அனுப்பச் சொன்னார்கள். என் பட்டறையின் கோடு வருடா வருடம் கீழே இறங்கிக் கடைசியில் தரையில் படுத்துவிட்டது. வரைபடத்தில் பொய் இல்லை. வாசலில் பதிந்துகொண்டு என்னிடம் வந்தவர்கள் உண்மையிலேயே அருகிவிட்டார்கள்.

அந்த வாரமே மிஸ் பட்டறைக்கு வந்தார். கையில் களஞ்சியக் கணக்கு.

"அண்ணை, ஆக்கள் வாறேல்லை. ஆனா வாரும் ஆணியும் பசையும் முந்தின மாதிரியே முடியுது. நீங்கள் வாரைத் தின்னுறனீங்களோ?"

 படை மருத்துவமனையில் ஒரு தமிழன் சாமான் களவெடுத்தான் என்று கதை கிளம்பினால் என் கதை முடிந்தது. கதவைச் சாத்திவிட்டு, மேசைக்குக் கீழே கிடந்த உரப்பையை இழுத்து அவிழ்த்துக் காட்டினேன். உள்ளே கால்கள். முழங்காலுக்குக் கீழ்க் கால், தொடைக் கால், பாதம் தேய்ந்த கால். ஒன்றில் சேலைத் துண்டு கட்டியிருந்தது. ஒன்றில் சிவப்பு நூல். ஒன்றில் பாடசாலைக் கழுத்துப்பட்டியின் துண்டு. ஒன்றிலும் பெயர் இல்லை.

எங்கள் பக்கத்தில் பஸ்ஸில் எதையும் அனுப்பலாம். மருந்து, மீன், கலியாண அழைப்பிதழ், எல்லாம் கொண்டக்டர் கையில் கொடுத்தால் போய்ச் சேரும். கால்களும் அப்படித்தான் வரத் தொடங்கின. வெள்ளிக்கிழமை காலைப் பஸ்ஸில் உரப்பை வரும். சந்திக்குப் போய் வாங்கி வருவேன். பழுது பார்த்து மாலைப் பஸ்ஸில் திருப்பி ஏற்றிவிடுவேன். சில கால்கள் அடுத்த கிழமைதான் போகும். அதுவரை அந்த ஆள் வீட்டில் தடியோடு இருப்பார். வாசலில் நிற்கிற சிப்பாய் பையைத் திறந்து பார்ப்பான். காலுக்கு அடையாள அட்டை கேட்க முடியாதே, விட்டுவிடுவான்.

"ஆக்கள் ஏன் வாறேல்லை?" என்று மிஸ் கேட்டார்.

"வாசல் கேற்றில அடையாள அட்டையை வாங்கிப் பதியினம், படம் எடுக்கினம். எங்கை, எப்ப காயப்பட்டது எண்டும் கேக்கினம். எங்கட சனத்துக்கு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் பயம், மிஸ்."

"எல்லாம் எங்கட சனத்தின்ர காலோ?"

அதுதான் இல்லை. எல்லையோரச் சிங்களக் கிராமங்களிலிருந்தும் கால்கள் வந்தன. முன்னாள் சிப்பாய்களுடையவை. அவர்களுக்கு வேறு பயம். வாசலில் பதிந்தால் மருத்துவச் சபைக்கு முன் நிறுத்தி, ஊனத்தை மறுபடி அளந்து, கிடைக்கிற உதவியைக் குறைத்துவிடுவார்கள் என்று யாரோ சொல்லி வைத்திருந்தார்கள். உண்மையோ பொய்யோ தெரியாது. அவர்களும் பஸ்ஸில்தான் அனுப்பினார்கள். இரண்டு பக்கத்துக் கால்களும் ஒரே பையில் வந்து ஒரே மேசையில் கிடந்தன.

மிஸ் கால்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் திரும்ப அடுக்கினார். பிறகு, "இதில ஒரு ஆளிட்டக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றார்.

சேலைத் துண்டு கட்டிய காலோடு முள்ளியவளைக்குப் போனோம். கச்சான் கடலைத் தோட்டம் செய்கிற பெண். கதிரையில் இருந்தபடியே எங்களைப் பார்த்தார். காலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்.

"இவா ஆர்?"

"எங்கட ஆஸ்பத்திரியில கணக்குப் பாக்கிறவா."

மிஸ் சுற்றி வளைக்கவில்லை. "பட்டறையை மூடப்போகினம் அக்கா. ஒருத்தரும் வாறேல்லை எண்டு கணக்குச் சொல்லுது. நீங்கள் பேரைத் தந்தா, உங்களைப் போல ஆக்கள் பேர் தந்தா, அதைக் காட்டி நிப்பாட்டலாம்."

அந்தப் பெண் காலை மாட்டி, வாரை இறுக்கி, எழுந்து நின்று இரண்டடி நடந்து பார்த்தார். நல்லாயிருக்கு என்று என்னைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகுதான் பதில் சொன்னார்.

"காலை அனுப்புறன் பிள்ளை. பேரை அனுப்ப ஏலாது. எத்தினை இடத்தில பேர் குடுத்தாச்சு. குடுத்தாப் பேந்து விசாரிக்க வீட்டை வருவினம். பிள்ளையளுக்கு முன்னால வைச்சுக் கேப்பினம். இப்ப கொஞ்சக் காலமா ஒருத்தரும் வாறேல்லை. அப்பிடியே இருக்கட்டும்."

"பட்டறை போனா என்ன செய்வியள் அக்கா?"

"தடியோட நடப்பன்."

தேத்தண்ணீர் தந்தார். கச்சான் அவித்துத் தந்தார். எல்லையோரத்து முன்னாள் சிப்பாய் ஒருவருக்கு நான் தொலைபேசி எடுத்தேன். அவரும் சிங்களத்தில் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார்: பெயர் மட்டும் வேண்டாம் தம்பி. பஸ்ஸில் திரும்பி வந்தோம். எனக்கு உள்ளுக்குள் கோபம். பெயரைத் தராமல் கால் மட்டும் வேண்டும் என்றால் எப்படி? பட்டறை போனால் இவர்கள் எல்லோரும் தெற்குக்குப் போய் வருவார்களா? எனக்கும் வேலை போகும். சிலருடைய பெயரையாவது நானே சொல்லிவிடலாம் என்றுகூட யோசித்தேன். அதை மிஸ்ஸிடம் சொன்னேன்.

"பட்டறை போனா வேற வழி தேடலாம் அண்ணை. கணினிக்குள்ள போன பேரைப் பேந்து வெளியில எடுக்க ஏலாது. நான்தானே அதுக்குள்ள போடுறனான். எனக்குத் தெரியும்."

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் பட்டறைக்கு வந்து, வந்த கால்களை ஒவ்வொன்றாக எடுத்து உட்பக்கத்தில் ஒரு இலக்கம் கீறினார். எத்தனை வார், எத்தனை ஆணி, எங்கே தேய்வு என்று எழுதினார். யாருடையது என்று ஒரு தடவையும் என்னைக் கேட்கவில்லை. பல கிழமைகள் இப்படிச் செய்தார். பிறகு அறிக்கையைப் பொறுப்பதிகாரியின் மேசையில் வைத்தார். கால்களை எழுதியது நோயாளர் வருகை என்ற தலைப்பின் கீழ் இல்லை. வாகனப் பட்டறைக்கு என்று வைத்திருந்த, பழுதுபார்க்க வந்த பொருட்கள் என்ற தலைப்பின் கீழ்.

எங்கள் பொறுப்பதிகாரி ஒரு கேணல். சிரிக்கமாட்டார். அதற்காகக் கெட்டவர் என்றும் சொல்ல முடியாது. அறிக்கையோடு அவரே பட்டறைக்கு வந்தார். அன்றும் மேசை நிறையக் கால்கள். பேச்செல்லாம் சிங்களத்தில் நடந்தது.

"இது என்ன? நோயாளரை லொறி மாதிரி எழுதியிருக்கிறாய்."

"லொறி பழுதுக்கு வந்தால் சாரதியின் வீட்டு விலாசத்தைக் கேட்கிறோமா, சேர்? பழுது பார்க்கிறோம், எழுதுகிறோம். அடுத்த வருடத்துக்கு எவ்வளவு சாமான் வேண்டும் என்று அதை வைத்துத்தான் திட்டமிடுகிறோம். இந்தக் கால்களுக்கும் திட்டமிட அதுவே போதும்."

"எனக்குப் போதும். மேலே போதாது. பெயரில்லாத காலை நம்பமாட்டார்கள். பெயர்களைத் தா. பட்டறையை மூடாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்."

அவர் மிரட்டவில்லை. உதவி செய்யத்தான் கேட்டார். அதனால்தான் மறுப்பது இன்னும் கடினமாக இருந்தது. கொடுத்துவிடுங்கோ மிஸ் என்று என் மனம் கெஞ்சியது.

"என்னிடம் பெயர் இல்லை, சேர்."

"முள்ளியவளைக்குப் போனாய் என்று கேள்விப்பட்டேன்."

"போனேன். கேட்டேன். தரவில்லை."

கேணல் என் பக்கம் திரும்பினார். "உனக்கு?"

நான் வாய் திறப்பதற்கு முன் மிஸ் குறுக்கே வந்தார். "அவர் பழுது பார்க்கிறவர், சேர். எண்ணுவது என் வேலை. கணக்கில் ஏதாவது கேட்பதென்றால் என்னைக் கேளுங்கள்."  மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கேணல் கால்களைப் பார்த்தபடி நடந்தார். ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பினார். அதன் பாதத்தில் லொறி டயரை வெட்டி, சின்ன ஆணிகளால் விளிம்பைச் சுற்றி அடித்திருந்தது. அது என் வேலை இல்லை. அந்த ஆள் தானே செய்துகொண்டது. எத்தனை தடவை புதுப் பாதம் போட்டுக் கொடுத்தாலும் மறுபடி டயர் அடித்துத்தான் அனுப்புவார். கேணல் அந்த ஆணிகளின் மேல் விரலை ஓட்டினார்.

"சப்பாத்துக்கு இப்படி டயர் அடிக்கிறவன் ஒருவன்தான் இருந்தான்" என்றார். "என் வண்டியை ஓட்டினவன்."

அவர் வாயில் ஒரு பெயர் வந்து நின்றதை நான் பார்த்தேன். மிஸ்ஸும் பார்த்தார். இரண்டு பேரும் அந்தப் பெயருக்காகக் காத்திருந்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். அவன் ஏன் இத்தனை வருடமாக நேரில் வரவில்லை, ஏன் காலைப் பையில் போட்டு அனுப்புகிறான் என்பதும் அவருக்கு அந்த நேரத்தில் விளங்கியிருக்க வேண்டும்.

"இதையும் எண்ணியிருக்கிறாயா?"

"எண்ணியிருக்கிறேன், சேர்."

காலை எடுத்த இடத்திலேயே வைத்தார். அறிக்கையை அங்கேயே விரித்துக் கையெழுத்து வைத்தார். "கால் என்றே எழுது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதை ஒற்றுமைக் கதையாகச் சொல்ல நான் வரவில்லை. சொல்வதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள், மேடையும் இருக்கிறது. கேணல் தன் ஆளுக்காகத்தான் கையெழுத்து வைத்தார் என்று என் மனைவி சொல்வாள். இருக்கலாம். மற்றக் கால்களும் அந்தக் கையெழுத்தில்தான் தப்பின. மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதங்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் மிஸ் ஒரே பதிலை எழுதினார்: பெயர்கள் சேகரிக்கப்படவில்லை. பட்டறை தப்பியது. வருட முடிவில் மிஸ்ஸின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டென்று ஒருவரும் சொல்லவில்லை. இல்லையென்றும் சொல்லவில்லை. கடைசி நாள் பனங்கட்டிப் போத்தலை என்னிடம் தந்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார்.   இப்போது கிளிநொச்சியில் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறார் என்று கேள்வி. அவரை நினைக்காத வெள்ளிக்கிழமை எனக்கு இல்லை.

திட்டமிடல் பிரிவுக்கு இப்போது புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். கெட்டிக்காரத் தம்பி. தமிழும் சிங்களமும் சரளம். போன கிழமை மடிக்கணினியோடு பட்டறைக்கு வந்து, மரியாதையாகத்தான் கேட்டார்.

"அண்ணை, இந்த இலக்கங்களுக்குப் பின்னால ஆர் ஆர் இருக்கினம்? வயதும் பேரும் தெரிஞ்சா ஆருக்கு எப்ப புதுக்கால் வேணுமெண்டு முந்தியே கணிச்சு எடுத்து வைக்கலாம். அவைக்குத்தானே நல்லது."

அவர் சொன்னது முழுக்கச் சரி. என் கையில் இருந்த காலின் ஆள் வரம்பு கட்டும்போது சேற்றில் அதைப் புதைய விட்டுவிட்டு, வீட்டுக்காரியிடம் ஏச்சு வாங்கியவர். பக்கத்தில் கிடந்த காலின் ஆளுக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். அதற்கு அடுத்தவருக்கு இரத்தத்தில் சீனி வருத்தம், மற்றக் காலும் நிற்குமோ தெரியாது. மேசையில் கிடந்த ஒவ்வொரு காலின் ஆளையும் எனக்குத் தெரியும், வீடு தெரியும், வீட்டு நாயையும் தெரியும்.

"எனக்குத் தெரியாது தம்பி" என்று சொல்லிவிட்டு வாரை இறுக்கினேன்.